பூட்டு தொங்கிய தொலைநோக்கி

தொலைநோக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நிலாவைப் பார்க்கலாமா?" என்பதுதான். பார்க்க முடியாது. எங்கள் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க இடமே கிடையாது. கண் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் யாரும் நிற்கவும் வேண்டாம். அதுவாகக் கூரையைத் திறக்கும், அதுவாகத் திரும்பும், அதுவாகப் படம் எடுக்கும், மழைத்துளி பட்டால் அதுவாக மூடிக்கொள்ளும். இதைச் சொன்னதும் கேட்டவர்களின் முகம் வாடிவிடும். அப்புறம் எதற்கு அது என்பார்கள். ஐந்து மாதம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேமரா போய்விட்ட பிறகு யாரும் கேட்பதில்லை.

பதில் இதுதான். எங்கோ நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து உள்ளுக்குள் இடிந்து விழுகிறது. அப்போது காமா கதிர்கள் ஒரே வீச்சாகப் பாய்ந்து வருகின்றன. சில வினாடிகள், மிஞ்சிப் போனால் ஒன்றிரண்டு நிமிஷம். காற்று மண்டலம் அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால் தரையில் நமக்குத் தெரியாது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் பார்த்து, வானத்தில் இன்ன இடம் என்று உடனே தகவல் அனுப்பும். வெடிப்பு முடிந்ததும் அதே இடத்தில் ஒரு வெளிச்சம் மிஞ்சும். பின்னொளி என்போம். அதைத் தரையிலிருந்து பிடிக்கலாம். முதல் நிமிஷத்தில் சின்னத் தொலைநோக்கிக்குக்கூடச் சிக்கும். இரண்டாவது நிமிஷத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும், நான்காவதில் அதிலும் பாதி. இப்படியே தேய்ந்து, மறுநாள் உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கிகளுக்கு மட்டும்தான் தெரியும். மனிதன் எழுந்து, செருப்பைத் தேடி, கதவைத் திறந்து போவதற்குள் முக்கியமானதெல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் இந்த வேலையை யந்திரத்திடம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் பெங்களூரில் ஐந்து வருஷம் இதில்தான் ஆராய்ச்சி செய்தேன். ஐந்து வருஷத்தில் எனக்கென்று ஒரு பின்னொளிகூடக் கிடைக்கவில்லை. அப்போது எங்களுக்கு இருந்தது மலைமேல் ஒரு பெரிய தொலைநோக்கி. அது ஒவ்வொரு இரவும் வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கும். செயற்கைக்கோள் தகவல் வந்தால் நான் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். "இந்த எக்ஸ்போஷர் முடியட்டும்மா" என்பார்கள். முடியும்போது நாற்பது நிமிஷம் போயிருக்கும். அவர்கள் ஒத்துக்கொண்ட நாளில் மேகம் இருக்கும். உதவித்தொகை நின்றது, கல்யாணம் ஆனது, ஓசூருக்கு வந்தேன். ஆய்வேடு எழுதவே இல்லை. பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஒரு பல்லின் மேடு பள்ளத்தை மைக்ரானில் அளந்து, இது தேறும், இது தேறாது என்று சீட்டு ஒட்டுவது என் வேலை. பன்னிரண்டு வருஷமாக ஒட்டுகிறேன். வேலை ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டை ஒட்டும்போதும் என்னையே தேறாதது என்று ஒட்டிக்கொள்வதாகத் தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என்னோடு ஆராய்ச்சி செய்தவன் ஒருவன் இப்போது பேராசிரியர். தானியங்கித் தொலைநோக்கிகளை நாட்டின் பல மூலைகளில் வைத்து ஒரு வலையாக இணைக்கிறான். சென்ற வருஷம் ஒரு திருமணத்தில் பார்த்தபோது, என் மேல் பரிதாபப்பட்டானோ என்னவோ, ஒரு நல்ல கேமராவை இரவல் தருவதாகச் சொன்னான். மிச்சத்தை நான்தான் செய்துகொள்ள வேண்டும். ஜனவரியிலிருந்து மே கடைசி வரை கெடு. ஒரே ஒரு பின்னொளியை முதல் சில நிமிஷங்களுக்குள் பிடித்துக் காட்டிவிட்டால் கேமரா அங்கேயே இருக்கலாம், எங்கள் தொலைநோக்கியும் வலையில் சேரும், வெளிவரும் கட்டுரைகளில் என் பெயரும் இருக்கும். பிடிக்கவில்லையென்றால் ஜூன் முதல் வாரம் கேமராவைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட வேண்டும். அடுத்து அதற்காக ஒரு மாணவி காத்திருந்தாள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. இதற்கு மேல் இன்னொரு கதவு திறக்காது என்று நன்றாகத் தெரியும்.

தொலைநோக்கியைத் தனி ஆளாகச் செய்ய எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனியின் மெயின்டனன்ஸில் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். கிருஷ்ணகிரிக்காரர். அவருடைய குடும்பம் மாங்காய் வியாபாரம் செய்கிறது, தேசிய நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு தோப்பும் உண்டு. அவர் மட்டும் வியாபாரத்துக்குப் போகாமல் ஸ்பானரைப் பிடித்துவிட்டார். ஒருநாள் கேன்டீனில் நான் ஒரு தாளில் படம் போட்டு, இப்படி ஒரு குழாய் வேகமாகத் திரும்ப வேண்டும், திரும்பியதும் துளியும் ஆடக் கூடாது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். தயிர்சாதத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ வேகம் மேடம்?"

"வானத்துல எந்த மூலையா இருந்தாலும் அரை நிமிஷத்துல போகணும்."

"நம்ம இன்டெக்சிங் டேபிள் மாதிரிதான, அதுவும் சட்டுனு திரும்பி ஆடாம நிக்கும். பண்ணலாம். எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். முழுவதும் புரிந்ததா என்று தெரியவில்லை. "அப்ப வெளிச்சம் அணையறதுக்குள்ள போய் நிக்கணும், அவ்ளோதான?" என்றார். நான் ஐந்து வருஷம் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஓசூரில் வைப்பது நடக்காத காரியம். இங்கே வானம் இருட்டுவதே இல்லை. கம்பெனி விளக்குகள், கிடங்கு விளக்குகள், அந்தப் பக்கம் பெங்களூர். அதனால் பாயின் தோப்பில், பழைய மோட்டார் ரூமைக் கேட்டு வாங்கினோம். கூரையைப் பெயர்த்துவிட்டு, இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்து, கேட் சக்கரம் வைத்துத் தண்டவாளத்தில் உருளும்படி பாய் செய்தார். கடை ஷட்டருக்குப் போடும் மோட்டார்தான் அதை இழுத்தது. குழாயைத் தூக்கிப் பிடித்துத் திருப்பும் தாங்கியின் பல்சக்கரத்தை நான் ஆய்வகத்தில் அனுமதி வாங்கி அளந்து மூன்று முறை திருப்பி அனுப்பினேன். "கஸ்டமரவிட மோசம் மேடம் நீங்க" என்று சொல்லிக்கொண்டே மூன்று முறையும் திருத்திக் கொண்டுவந்தார். தகவல் வந்தால் ஊளையிட ஒரு ஹூட்டரையும் சுவரில் மாட்டினார். தோப்பைக் காவல் காக்கும் பெரியவர் தெலுங்குக்காரர். நான் போகும்போதெல்லாம் "ஏமன்னா கனபடிந்தா மேடம்?" என்று கேட்பார். இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று தமிழில் சொல்வேன்.

பூட்டு வந்த கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு யந்திரத்துக்குள் கையை விடுகிறவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டைப் போட வேண்டும். சிவப்புப் பூட்டு, அதில் அவருடைய போட்டோ ஒட்டிய அட்டை. லோட்டோ பூட்டு என்பார்கள். சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கும். அவர்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் இன்னொருவர் பூட்டைத் தொட மாட்டார்கள். ஏன் போட்டாய், எப்போது எடுப்பாய் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒருநாள் பாய் தாங்கிக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது சோதனைத் தகவல் ஒன்று வந்து, குழாய் சட்டென்று திரும்பி அவர் தோளில் இடித்தது. ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. மறு வாரமே மோட்டார் ரூமின் வெளிச்சுவரில் ஒரு மெயின் சுவிட்ச் பெட்டி வைத்தார். கூரைக்கும் தாங்கிக்கும் கரன்ட் அது வழியாகத்தான் போகும். கம்ப்யூட்டருக்கும் ஹூட்டருக்கும் மட்டும் தனி லைன். "இது எப்ப திரும்பும்னு யாருக்கும் தெரியாது மேடம். உள்ள போனா பூட்டு. நீங்களும்தான்." நான் சிரித்தேன். சொந்த வீட்டுக்குள் வருவதற்கெல்லாம் பூட்டா என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் என் கம்பெனிப் போட்டோவை வெட்டி ஒட்டி எனக்கும் ஒரு பூட்டைக் கொடுத்தார். சாவியை என் அடையாள அட்டைக் கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் ஓடியது. தகவல் வராமல் இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும். ஆனால் பாதி நம் ஊர்ப் பகலில் வரும். இரவில் வந்தால் அந்த இடம் அடிவானத்துக்குக் கீழே, பூமியின் அந்தப் பக்கத்தில் இருக்கும். மார்ச்சில் அருமையான ஒன்று வந்தது. அன்று கல் குவாரி லாரி ஒன்று கம்பத்துக் கேபிளை இழுத்துக்கொண்டு போயிருந்தது, இணையமே இல்லை. ஏப்ரலில் இன்னொன்று, கோடை மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது. ஐந்து வருஷம் பெங்களூரில் பட்டது போதாதென்று இங்கேயும் அதே கதை. பாய் மட்டும் ஒவ்வொரு தடவையும் "அடுத்தது மேடம்" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய்.

கெடு முடிய ஒன்பது நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரை பாதியில் நிற்கிறது என்று தோப்புக்குப் போனேன். பாய் ஊரில் இல்லை. சுவிட்சை அணைத்தேன், பூட்டைப் போட்டேன், உள்ளே போனேன். கூரை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் சின்ன சுவிட்சுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, துடைத்து, கையால் தட்டிப் பார்த்தேன். சரியாகிவிட்டது. வெளியே வந்து கையைக் கழுவும்போது போன் அடித்தது. எங்கள் மேலாளர். திங்கள்கிழமை கஸ்டமர் ஆடிட், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அளவு ரிப்போர்ட் எல்லாம் இன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும், உடனே வா என்றார். பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன். ஓசூர் வரை ஆடிட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

சாவி என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு முழுக்க, திங்கள் முழுக்க.

திங்கள்கிழமை செகண்ட் ஷிஃப்ட். மதியம் மூன்றிலிருந்து இரவு பதினொன்று வரை. அளவு ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆடிட்டர்கள் ஒன்பது மணி வரை என்னை விடவில்லை. ஒரு பல்சக்கரத்தை நாலு தடவை அளக்கச் சொன்னார்கள். நாலு தடவையும் ஒரே அளவு வந்தது. பாராட்டினார்கள். எனக்கு அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பதினொன்றேகாலுக்கு லாக்கரைத் திறந்தேன். பாயிடமிருந்து பதினேழு அழைப்புகள். அதற்குக் கீழே செயற்கைக்கோள் தகவல். எட்டு மணி இருபது நிமிஷத்துக்கு வந்திருக்கிறது. இடத்தைப் பார்த்தேன். சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், தென்கிழக்கில் நல்ல உயரத்தில். நிலா இல்லை. லாக்கர் ரூம் பெஞ்சில் உட்கார்ந்து அதற்குள் வந்துவிட்ட மற்றவர்களின் அறிவிப்புகளைப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் ஒரு தொலைநோக்கி ஒரு நிமிஷத்துக்குள் பிடித்துவிட்டது. சீனாவில் ஒன்று. அவ்வளவு பிரகாசமாக ஒன்று வந்து ரொம்ப நாளாகிறது என்று எழுதியிருந்தார்கள். எங்களுடையதில் பாதி அளவு தொலைநோக்கியே போதும், பிடித்திருக்கலாம். பாயைக் கூப்பிட்டேன்.

"மேடம், ஒங்க பூட்டு" என்றார்.

அப்போதுதான் என் கை கழுத்துக்குப் போனது.

இரவு தூங்கவில்லை. விடிந்ததும் தோப்புக்குப் போனேன். அறுவடை நேரம் என்பதால் பாய் லீவு போட்டுவிட்டு அங்கேதான் இருந்தார். ஆட்கள் மாங்காயைப் பறித்துப் பிளாஸ்டிக் கிரேடில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், மாங்கூழ் கம்பெனி லாரி நின்றுகொண்டிருந்தது. மோட்டார் ரூம் சுவரில் என் போட்டோ சிரித்துக்கொண்டு தொங்கியது. பக்கத்தில் தரையில் ஒரு போல்ட் கட்டர் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"கட்டர் இருந்துருக்கு. ஏன் பாய் அறுக்கல?"

"ஒங்க பூட்டு மேடம்."

"நான் செகண்ட் ஷிஃப்ட்ல இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? சனிக்கிழமை உங்ககிட்டதான சொன்னேன்?"

"தெரியும்."

"அப்ப உள்ள யாரு இருக்கப் போறா? பேயா?"

அவர் கிரேடு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஹூட்டர் கத்தியபோது லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தாராம், வானம் துடைத்துவிட்டது போல இருந்ததாம். ஓடி வந்திருக்கிறார். காலையிலேயே பூட்டைப் பார்த்திருக்கிறார், எனக்கு ஏதோ வேலை பாக்கி என்று நினைத்து விட்டுவிட்டார். நான் போனை எடுக்கவில்லை. கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். ஆடிட் நடக்கிறது, ஆளைக் கூப்பிட முடியாது என்று செக்யூரிட்டி கன்னடத்தில் திட்டியிருக்கிறான்.

"கதவத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன் மேடம். கூப்ட்டும் பாத்தேன். யாரும் இல்ல. கட்டர எடுத்து வச்சுட்டேன். கை அமுக்க மாட்டேங்குது."

"ஏன்?"

அவர் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதில் நடுவிரலும் மோதிர விரலும் பாதிதான். அது எனக்குத் தெரியும், ஏதோ மெஷினில் போனது என்று தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. "இதுக்கு முன்னாடி கம்பெனியில என் பூட்டையும் ஒருத்தன் அறுத்தான் மேடம். நல்ல பையன்தான். அவனும் எட்டிப் பாத்துட்டுத்தான் அறுத்தான். நான் கன்வேயர் அடியில படுத்துருந்தேன், அவனுக்குத் தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "பதினஞ்சு நிமிஷம் கட்டர வச்சுகினே நின்னேன்" என்றார்.

நான் அதற்குச் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "உங்க ரெண்டு விரலுக்கு நானா பாய் பொறுப்பு?" என்றேன். "என் வாழ்க்கையில மிச்சம் இருந்தது அந்த ஒண்ணுதான். அதையும் சேர்த்து வெட்டிட்டீங்க."

பூட்டை மறந்தது நான். வெட்டியதாகச் சொன்னது அவரை. சொல்லும்போதே தெரிந்தது, ஆனாலும் நாக்கை நிறுத்த முடியவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்து, "டீ சொல்றேன்" என்று லாரிக்காரரிடம் போனார்.

கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைக் கழற்றினேன். சுவிட்சைப் போட்டேன். உள்ளே பச்சை விளக்கு வந்தது. பகல் வெளிச்சம் என்பதால் கூரை அசையவில்லை. கம்ப்யூட்டரை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. அன்று வேலைக்கும் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனால் படுத்துவிடுவேன், படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயமாக இருந்தது. மாமரத்தடியிலேயே இருந்தேன். மதியம் பேராசிரியனுக்கு எழுதினேன், இன்னும் ஒரு மாதம் தருவாயா என்று. ஜூனில் உனக்கு வானம் ஏது, மேகம்தானே இருக்கும் என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். கேமராவை எப்படிப் பொதிய வேண்டும் என்ற குறிப்பையும் கூடவே அனுப்பியிருந்தான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பறித்து முடித்து ஆட்கள் போனார்கள். பாய் டிபன் வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏழே முக்கால் இருக்கும், நன்றாக இருட்டியது. திடீரென்று தகரம் உருளும் சத்தம் கேட்டது.

கூரை முழுவதுமாகத் திறந்தது. நான் சுத்தம் செய்த சுவிட்ச் சரியாக வேலை செய்தது. உள்ளே குழாய் ஒரே வீச்சில் தென்கிழக்காகத் திரும்பி, கொஞ்சம் நிமிர்ந்து, சித்திரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. துளியும் ஆடவில்லை.

பாய் துள்ளி எழுந்துவிட்டார். "போயிடுச்சு மேடம்! போய் நின்னுடுச்சு பாருங்க!" ஐந்து மாதத்தில் சோதனைக்குத் திரும்பியதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நிஜத் தகவலுக்கு அது திரும்பியதை இருவரும் பார்த்தது அதுவே முதல் தடவை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு தகவலின்படி படம் எடுக்க முடியாமல் போனால் இரண்டு நாள் வரை வரிசையில் வைத்திரு என்று நான்தான் அதற்குச் சொல்லி வைத்திருந்தேன். நேற்றைய தகவல் அப்படியே வரிசையில் நின்றிருக்கிறது. கரன்ட் வந்ததும், இருட்டியதும், அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இருபத்து மூன்று மணி நேரம் தாமதம் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

"நேத்து வந்துச்சே, அந்த எடத்துக்கா போயிருக்குது?"

"ஆமா."

"அப்ப இன்னும் கொஞ்சம் இருக்கும்ல அங்க?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தியிருக்கலாம். அது அங்கே நின்றுகொண்டு அரை நிமிஷத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை, நிறுத்தவும் மனசு வரவில்லை. பாய் வீட்டுக்குப் போன் போட்டு, "நம்மளது திரும்பிடுச்சு" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அவர் குரல் அவ்வளவு உற்சாகமாக இருந்ததை நான் கேட்டதே இல்லை. பிறகு கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, கதவுக்கு வெளியே, உள்ளே காலை வைக்காமல், அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே படுத்தார்.

அந்த இடம் மேற்கே சாயும் வரை படங்கள் வந்துகொண்டிருந்தன. நான் லேப்டாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். படம் சேரச் சேர மங்கலான நட்சத்திரங்களெல்லாம் தெளிந்து வந்தன. இவ்வளவு நல்ல படங்களை அந்தத் தொலைநோக்கி அதுவரை எடுத்ததில்லை. எல்லா நட்சத்திரமும் ஊசிமுனை போலக் கச்சிதமாக இருந்தது. பாய் செய்த தாங்கி பிசகவே இல்லை. பின்னொளி இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த வட்டத்துக்குள் ஒன்றுமே வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைசிப் படம் வரை சேர்த்தேன்.

விடியும்போது கூரை மூடிக்கொண்டது. சத்தத்தில் பாய் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"கெடச்சுதா மேடம்?"

"இல்ல பாய்."

"ராத்திரி பூரா பாத்துச்சே."

"பாத்துச்சு. நல்லாத்தான் பாத்துச்சு. அங்க ஒண்ணும் இல்ல."

அவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "முந்தாநாத்து நான் அறுத்துருந்தா இருந்துருக்கும்ல?" என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு அளவைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை.

"இருந்திருக்காது பாய். திங்கக்கெழம மேகம். பூட்டு இல்லாட்டியும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

கையில் கட்டரோடு பதினைந்து நிமிஷம் அவர் நின்றது அந்த வானத்தின் அடியில்தான்.

"ஆமா மேடம்" என்றார். "நல்ல மேகம்."